பாதிப் பாட்டில் மூடிய பெட்டி

அத்தியாயம் நான்கு

அண்ணி துப்பறிகிறவள் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் அவளிடம் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள். அவர்கள் சிரிப்பதில்லை.

அவளுடைய ஆபீஸ், சலவைக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. இரண்டில் கால் ஆடுகிற நாற்காலி கொழுந்தனுக்கு. அண்ணியின் கணவனுக்குத் தம்பி. வாய்க்கொழுப்பால் அவன் தொலைத்த வேலைகளுக்குக் கணக்கே இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடுவதற்கு என்னோடு வந்து நாலு பேரைப் பார் என்று அண்ணிதான் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வந்ததிலிருந்து அவன் நாலு பேரைப் பார்க்கிறான், நாலு பேரையும் கிண்டல் செய்கிறான்.

அன்று காலை ஃபோனில் அழுதவள் பழைய பெட்டிகள் சேர்க்கும் ஓர் அம்மாள். அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பெட்டிக்காரம்மா என்றே பெயர். மதியம் மகனுக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். மணப்பெண்ணின் மோதிரத்தைக் காணோம். கடைக்கு ஓடிப்போய் வேறொன்று வாங்கிவிடுகிற மோதிரமும் இல்லை அது. அந்தப் பெண்ணின் இறந்துபோன அம்மா கையில் கிடந்தது. பத்திரமாக வையுங்கள் அத்தை என்று அவளே நேற்றுக் கொடுத்ததைப் பெட்டிக்காரம்மா பஞ்சில் சுற்றிப் பாட்டுப்பெட்டிக்குள் வைத்தாள். காலையில் திறந்தால் மோதிரம் இல்லை.

"மோதிரம் போனதுகூட ரெண்டாவதும்மா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நான்தான் எடுத்து ஒளிச்சிட்டேன்னு அவ நினைக்கிறா. அது கிடைக்கலன்னா கல்யாணமும் இல்ல, எனக்கு மருமகளும் இல்ல."

அண்ணிக்கு மூக்கு வேர்த்துவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கொழுந்தன் பின்னாலேயே ஓடினான்.

அந்த வீட்டுக்குள் கால் வைக்க அவன் பயந்தான். திரும்பின பக்கமெல்லாம் பெட்டி. முத்துச்சிப்பி பதித்தது, அரக்குப் பூசியது, தேயிலை விலை தாறுமாறாக இருந்த காலத்தில் பூட்டி வைத்த தேயிலைப் பெட்டி, நகத்தளவு மூக்குப்பொடி டப்பா. ஆனால் ஒன்றாவது அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே. எல்லாப் பெட்டியும் அங்கே வேலை பார்த்தது. தேயிலைப் பெட்டியில் டீவி ரிமோட். என்றோ ஒரு சீமாட்டி தொப்பி வைத்திருந்த வட்டப் பெட்டியில் வெங்காயம். வயலின் பெட்டிக்குள் கேஸ் அடுப்பு லைட்டர் ஒன்று தனியாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது.

அந்த வீட்டுக்குச் சட்டம் ஒன்றுதான். எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. அண்ணி மேஜையில் கைக்குட்டையை வைத்தாள். பெட்டிக்காரம்மா அழுதுகொண்டே, பேசிக்கொண்டே, அதை எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினாள். அவள் கை அதைச் செய்தது அவளுக்கே தெரியவில்லை. அண்ணி அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க," என்றான் கொழுந்தன் மெதுவாக. "ஒரு நிமிஷம் சும்மா நின்னா என்னையும் எதுலயாவது போட்டு மூடிருவாங்க."

துக்கத்திலும் உபசாரத்தை விடாதவள் பெட்டிக்காரம்மா. முந்திரிப்பருப்பு நிறைந்த வெள்ளிச் சுருட்டுப் பெட்டியை நீட்டினாள். ஒன்று எடுத்தால் மரியாதை, இரண்டு எடுத்தால் பசி. கொழுந்தன் ஒரு கை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், விசாரணை நீளும் என்ற முன்னெச்சரிக்கையில்.

வீட்டில் மற்றவர்கள் மூன்று பேர். பெட்டிக்காரம்மாவின் கணவர் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காதை மறைக்கும் வெள்ளை முடியோடு ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்காலம் யாராவது வந்தார்களா என்று அண்ணி கேட்டதற்கு, ரொம்ப சந்தோஷம், உட்காருங்கள் என்றார். இந்தக் களேபரத்தில் நிம்மதியாக இருக்கிற ஒரே ஜீவன் என்று கொழுந்தன் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். அடுத்தது மகன், புது மாப்பிள்ளை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கதவருகே நின்றான். மூன்றாவது மணப்பெண். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள், வெளியூர். நேற்றுக் காலைதான் வந்து இறங்கியிருந்தாள். கல்யாணம் முடிந்ததும் புது வீட்டுக்குப் போகக் கட்டிவைத்த சூட்கேஸை இப்போது வேறு எங்கோ போவதற்காகக் காலருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மோதிரம் மட்டும் போயிருந்தா நான் வாய் திறந்திருக்க மாட்டேன்," என்றாள் அண்ணியிடம். "அதுக்குப் பதிலா என்ன இருந்துச்சு பாருங்க. இதைவிட ஒருத்தியை எப்படி அவமானப்படுத்துறது?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தையல் வேலை செய்கிறவர்கள் ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் சின்ன உலோகத் தொப்பி. அம்மாவின் மோதிரம் இருந்த இடத்தில் அதுதான் உட்கார்ந்திருந்தது.

"திருடன் தையல்காரன்," என்றான் கொழுந்தன். "அளவெடுக்க வந்துட்டு அவசரத்துல மாத்தி எடுத்துட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் முந்திரி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அடங்கினான். அப்போது எங்கிருந்தோ மெல்லிதாக ஒரு விசில் சத்தம், கீ என்று இழுத்தது.

"தம்பி, வேலை நேரத்துல விசிலடிக்காதே," என்றாள் அண்ணி திரும்பாமலே.

"நான் எங்கே அண்ணி அடிச்சேன்?" என்று அவன் நெஞ்சில் கை வைத்தான். விசில் இன்னும் பலமாகக் கேட்டது. அண்ணி முறைத்தாள். இரண்டு மூன்று நாளாகவே ஹாலில் ஏதோ பூச்சி இப்படிக் கத்துகிறது என்று பெட்டிக்காரம்மா சமாதானம் சொன்னாள். அந்தப் பூச்சியால் தன் மானம் போகிறது என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

அண்ணி பாட்டுப்பெட்டி இருந்த அறைக்குப் போனாள். கட்டிலையொட்டி ஒரு குட்டி மேஜை, அதன் மேல் ரோஸ்மரப் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே பித்தளை உருளை சுழலும், உருளையின் முட்கள் எஃகுச் சீப்பின் பற்களைத் தட்டும், பாட்டு வரும். இந்தப் பெட்டிக்கு வீட்டில் தனி மரியாதை உண்டு என்று மகன் சொன்னான். திறந்தால் பாட்டு முடியும்வரை காத்திருந்துதான் மூட வேண்டும். பாதியில் மூடினால் முள் பல்லில் மாட்டியபடி நின்றுவிடும், பல் ஒடியும். சின்ன வயதில் பாதியில் மூடிவிட்டு அன்று முழுக்க அம்மாவிடம் வாங்கிய வசவு அவனுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

"பாதியில மூடிட்டு மறுபடி திறந்தா, பாட்டு எங்கேர்ந்து வரும்?" என்று கேட்டாள் அண்ணி.

"விட்ட இடத்துலேர்ந்து."

"காலையில அம்மா திறந்தப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

மோதிரம் போன பதற்றத்தில் அதை யார் கவனித்தது. அண்ணி விடவில்லை. ஆளுக்கு ஒருமுறை முனகிக் காட்டுங்கள் என்றாள். மாப்பிள்ளை முனகினான். மணப்பெண் வேண்டாவெறுப்பாக, ஆனால் அவனைவிடச் சுருதியோடு முனகினாள். கேட்காமலே கொழுந்தனும் சேர்ந்துகொண்டான், அவனுக்குப் பாட்டே தெரியாது. கல்யாண வீடா பஜனை மடமா என்று தெரியாதபடி ஒரு நிமிஷம் எல்லோரும் முனகினார்கள். திடீரென்று பெட்டிக்காரம்மா தலையில் கை வைத்தாள்.

"நடுவுலேர்ந்துதான் வந்துச்சு. இழுத்து ஏறுற இடம் அது. யாரோ பாதியில மூடியிருக்காங்க."

நேற்று மோதிரத்தை வைத்தபோது பாட்டு முடியும்வரை நின்று மூடியதை மணப்பெண்ணே கூட இருந்து பார்த்திருக்கிறாள். அதன்பிறகுதான் யாரோ திறந்திருக்கிறார்கள். நேற்று சாயங்காலம் முழுக்கச் சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு வெளியே கேட்க வழியில்லை. அண்ணி குரலை உயர்த்தாமல் கணக்கை முடித்தாள். இந்த அம்மாள் தலைபோகிற அவசரத்திலும் பாட்டைப் பாதியில் மூட மாட்டாள், ஆகவே எடுத்தது இவளில்லை.

பெட்டிக்காரம்மாவுக்கு உயிர் வந்தது. மணப்பெண்ணின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. அங்கேயே விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தான்.

"நான் அப்பவே சொன்னேனே, எங்க வீட்டு ஆளுங்க யாரும் அப்படி மூடவே மாட்டோம்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்தான். கடித்து என்ன செய்ய. வீட்டில் இருப்பது நான்கு பேர், மூன்று பேர் வீட்டு ஆட்கள்.

"அப்ப நான்தான்," என்றாள் மணப்பெண். "எங்கம்மா மோதிரத்தை நானே திருடிட்டு நானே அழறேன். நல்லாருக்கு." ஃபோனை எடுத்து டாக்சிக்குச் சொன்னாள். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

கொழுந்தன் பழைய வழக்குகளை எண்ணிப் பார்த்தான். இத்தனை வழக்குகளில் திருடனைக் கண்டுபிடிக்காமல் திரும்பியிருக்கிறார்கள், ஒரு கல்யாணத்தையே கலைத்துவிட்டுத் திரும்பியதில்லை. அண்ணி அசராமல் அந்த விரல் தொப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இது எந்தப் பெட்டியில் இருக்க வேண்டியது என்று பெட்டிக்காரம்மாவைக் கேட்டாள்.

வீட்டில் இருக்கிற ஒவ்வொரு குண்டூசிக்கும் விலாசம் சொல்லக்கூடிய அந்த அம்மாள் திருதிருவென்று விழித்தாள். கண் ஒரு விநாடி வாசலில் இருந்த சூட்கேஸுக்குப் போய்விட்டு வந்தது.

"தெரியலையே," என்றாள்.

பச்சைப் பொய். கொழுந்தனுக்கே தெரிந்தது. அண்ணியைத் தனியாக இழுத்து, நிரபராதி என்று சான்றிதழ் கொடுத்த ஆள்தான் குற்றவாளி போலிருக்கிறது, அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று காதைக் கடித்தான். அண்ணி அவன் கையைக் கிள்ளினாள். "ஐயோ, சத்தியமா பார்த்தேன் அண்ணி," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். கீ என்றது நெஞ்சு.

அண்ணி அப்படியே நின்றாள்.

"இன்னொரு தடவை சத்தியம் பண்ணு."

"எதுக்கு?"

"பண்ணுடா."

பண்ணினான். கீ. கையை எடுத்தான், சத்தம் நின்றது. வைத்தான், வந்தது. அண்ணி அவன் சட்டைப்பைக்குள் கைவிட்டு மிச்சமிருந்த முந்திரியை எல்லாம் மேஜையில் கொட்டினாள். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான். அதே வளைவு, அதே நிறம். ஆனால் ஒரு முந்திரிக்கு மட்டும் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தது.

"காது மிஷின்," என்றாள் அண்ணி.

கொழுந்தனுக்கு முகம் வெளுத்தது. இதுவரை ஒவ்வொன்றாகத் தின்றதை நினைத்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இந்த வீட்டுப் பேச்செல்லாம் அவன் வயிற்றுக்குள் கேட்டிருக்கும்.

அண்ணி நேரே ஜன்னலோரம் போனாள். பேப்பர் படிக்கும் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "ஐயா, உங்க நாற்காலியில தீப்பிடிச்சிருச்சு," என்றாள். பெரியவர் நிதானமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பெட்டிக்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். கணவர் இத்தனை நாள் எதற்கெடுத்தாலும் சிரித்துத் தலையாட்டியது கல்யாணச் சந்தோஷத்தில் என்று நினைத்திருந்தாள். அண்ணி மிஷினைப் பெரியவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்த பார்வை, கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி இருந்தது. காதில் மாட்டிக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, குட்டு உடைந்துவிட்டது என்று புரிந்து தலையைக் குனிந்தார்.

இதற்கு முந்தைய மிஷினை வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்தவர் அவர். இதையும் தொலைத்தால் இனி என்னோடு ஜாடையில்தான் பேச வேண்டும் என்று மனைவி எச்சரித்திருந்தாள். முந்திரி தின்னும்போது கழற்றி வைத்தார், திரும்பிப் பார்த்தால் காணோம். கல்யாண நேரத்தில் திட்டு வாங்க வேண்டாமென்று, வீட்டில் இருக்கிற பெட்டியெல்லாம் திருட்டுத்தனமாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தார்.

"அதைக் கழற்றி எங்கே வெச்சீங்க?" என்றாள் அண்ணி.

"சுருட்டுப் பெட்டி பக்கத்துல."

அண்ணி பெட்டிக்காரம்மாவைப் பார்த்தாள். வெளியே கிடந்ததைப் பார்த்ததும், கண்ணாடிகூடப் போடாமல், சிந்தின முந்திரி என்று நினைத்து எடுத்து உள்ளே போட்டு மூடிய கை அவளுடையது. அண்ணி சொல்லாமலே அவளுக்கு அது புரிந்துபோயிற்று.

"பாட்டுப்பெட்டியைத் திறந்தது நீங்கதானே?"

பெரியவர் ஒத்துக்கொண்டார். பாட்டு பாடுகிறதா முடிந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும். அந்தக் குட்டி மேஜையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் ஒரேயடியாகக் கட்டிலில் கொட்டித் தேடினார். வாசலில் நிழலாடியது. மனைவிதான் வருகிறாள் என்று பதறி, கைக்கு வந்ததை வந்த பெட்டியில் திணித்து மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். பஞ்சுச் சுருளுக்குள் என்ன இருந்தது என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

"இன்னொரு பெட்டி என்ன பெட்டி?"

"தையல் பெட்டி."

எல்லோரும் அறைக்குள் எட்டிக் குட்டி மேஜையைப் பார்த்தார்கள். அங்கே பாட்டுப்பெட்டி மட்டும்தான் இருந்தது. இப்போது எல்லாக் கண்ணும் பெட்டிக்காரம்மா பக்கம் திரும்பியது. அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே வாசலைக் காட்டினாள்.

"அது அவ சூட்கேஸ்ல இருக்கு. காலையில அவ குளிக்கப் போனப்ப நான்தான் அடியில வெச்சேன். புது வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பார்த்து சந்தோஷப்படட்டும்னு."

வெளியே டாக்சி வந்து நின்றது. கொழுந்தன் அண்ணியின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. மேஜையிலிருந்து உருண்டு விழுந்த முந்திரிமேல் சறுக்கி, வயலின் பெட்டியைத் தாண்டிக் குதித்து, டாக்சியின் டிக்கிக்குப் போய்க்கொண்டிருந்த சூட்கேஸின் கைப்பிடியை எட்டிப் பிடித்தான். உள்ளே நடந்த எதையும் கேட்காத மணப்பெண் ஒரு பக்கம் இழுத்தாள், அவன் ஒரு பக்கம் இழுத்தான். டிரைவர் இது புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து அவனுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தார். நான் புருஷனில்லை, புருஷன் உள்ளே பேயறைந்த மாதிரி நிற்கிறான் என்று கொழுந்தன் மூச்சு வாங்க விளக்கினான்.

வாசல் படியிலேயே சூட்கேஸைத் திறந்தார்கள். மடித்த துணிகளுக்கு அடியில், ஒரு பழைய பட்டுத் துணியில் சுற்றி, தந்தநிறப் பூ வேலைப்பாடு செய்த தையல் பெட்டி. உள்ளே நூற்கண்டுகளுக்கு நடுவில் பஞ்சுச் சுருள். மணப்பெண் பிரித்தாள். அம்மாவின் மோதிரம்.

அவள் மோதிரத்தைப் பார்த்ததைவிட அந்தப் பெட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"இந்த வீட்டுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்," என்றாள் பெட்டிக்காரம்மா. "கேட்டவங்க யாருக்கும் குடுத்ததில்ல."

மாப்பிள்ளை அசடு வழிய நெருங்கி வந்தான். எல்லாம் முடிந்தது என்று கொழுந்தன் டிரைவரைத் திருப்பியனுப்பப் பார்த்தான். ஆனால் மணப்பெண் எழுந்திருக்கவில்லை. சூட்கேஸையும் மூடவில்லை.

"அத்தைமேல தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டேன், மன்னிச்சிருங்க," என்றாள். "ஆனா மாமாவுக்கு என்னைப் பிடிக்கலையே. அவரே சொன்னாரே."

பெரியவர் திடுக்கிட்டார். "நானா? எப்பம்மா சொன்னேன்?"

"நேத்துக் காலையில, உங்களுக்குக் காபி குடுத்துட்டுக் கேட்டேனே. நான் இந்த வீட்டுக்கு வர்றதுல உங்களுக்குச் சம்மதந்தானே மாமான்னு. நீங்க சிரிச்சுக்கிட்டே, வேண்டாம்மான்னுட்டீங்க."

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார்.

"உன் கையில இன்னொரு டம்ளர் இருந்துச்சு. அது வேணுமான்னு நீ கேக்கிறேன்னு நினைச்சேன்."

கொழுந்தனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி அவன் காலை மிதித்தாள். அவளுக்கும் உதடு துடித்துக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து அந்தப் பெண் இதை மனதில் பூட்டி வைத்துக்கொண்டு, மோதிரம் காணாமல் போனதும் அத்தனையும் சேர்ந்து கொட்டியிருக்கிறது. பெரியவர் படியில் அவளுக்குச் சமமாக உட்கார்ந்தார். முடியை ஒதுக்கி மிஷினைச் சரிசெய்துகொண்டார்.

"இப்பக் கேளு."

அவள் வெட்கப்பட்டாள். எல்லோரையும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "மாமா, நான் இந்த வீட்டுக்கு வர்றதுல உங்களுக்குச் சம்மதந்தானே?"

அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கொழுந்தன் அவர் முகத்திலேயே பார்த்தான். இருந்தும் அவர், "கேக்கலம்மா, இன்னொரு தரம்," என்றார். அவள் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். "இன்னும் ஒரே ஒரு தரம்." அவள் சிரிப்பும் அழுகையுமாகத் தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"போதும், பிள்ளையை வாட்டாதீங்க," என்றாள் பெட்டிக்காரம்மா.

"இரு. இத்தனை நாள் காது கேக்காம எவ்வளவோ பேச்சுத் தப்பிச்சேன், நிம்மதியாத்தான் இருந்துச்சு," என்றார் பெரியவர். "இது ஒண்ணைக் கேக்காம விட்டதுதான் நஷ்டம். சம்மதம்மா. நூறு தடவை சம்மதம்."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டிரைவர் ஹாரனை அடித்தார். பெரியவர்தான் முதலில் திரும்பினார். வண்டியை அனுப்பக் கை தூக்கிய கொழுந்தனைத் தடுத்தார்.

"அதை ஏம்ப்பா அனுப்புறே? நெருக்கி உக்காந்தா எல்லாருமா ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிரலாம்."